சொக்கை விட்டதும் நின்றுபோகும் பல்சர்

2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் ஓரங்கட்டிய பல்சர் 150 மோட்டார் சைக்கிள். 2012 மாடல், காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் பாகம்) உள்ள வண்டி. போன மாதம்தான் திரும்ப எடுத்தேன். சொக் (கலவையில் பெற்றோலின் பங்கைக் கூட்டும் விசை) இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. சொக்கை விட்டதும் இரண்டு இருமல், அப்புறம் நின்றுவிடும். காலி வீதியில் வேகம் பிடித்தால் ஒரு குறையும் இல்லை. சிக்னலில்தான் மானம் போகிறது.

டாங்கில் வார்னிஷ் மணத்தோடு கிடந்த பெற்றோலை வடித்துப் புதியது ஊற்றினேன். பட்டரி, எயார் ஃபில்டர், இரண்டு பிளக்கும் புதிது. காபரேட்டரைக் கழற்றிக் கழுவி, வண்டி நிற்கும்போது மெதுவாக ஓடும் எஞ்சினுக்குப் பெற்றோல் விடும் ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊசிமுனைத் துளை தெளிவாகத் தெரிகிறது. அந்த மெதுவோட்ட வேகத்தை, அதாவது ஐட்லிங்கை, கூட்டியும் பலனில்லை. கராஜில் புதுக் காபரேட்டரே போடச் சொல்கிறார்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை.

காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் இன்டேக் ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்று இழுக்கிறதா, காபரேட்டருக்குள் வேறெங்காவது அடைப்பா என்று, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குச் சாமான் வாங்கப் போகுமுன் வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?