கல்லூரி ஹொக்கியின் கடைசி ஆண்டை விட்டுவிடலாமா?

வணக்கம். நாங்கள் ஒன்ராறியோவில் வசிக்கிறோம். எங்கள் மகன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் படித்தபடி என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) முதல் பிரிவு ஐஸ் ஹொக்கி ஆடுகிறான். தற்காப்பு ஆட்டக்காரன், வயது 21, மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. இளம் வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தெரிவுசெய்யும் டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் அவனை எடுத்த என்.எச்.எல். (வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்) அணி, பருவம் முடிந்ததும் 3 ஆண்டுத் தொடக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்கிறது. கையெழுத்திட்டால் கல்லூரி அணிக்குத் திரும்ப வழியில்லை.

கனடிய வீரர் மக்லின் செலப்ரினி பொஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரே பருவம் ஆடிவிட்டு 2024இல் வெளியேறினார். ஆனால் அவர் அந்த ஆண்டு டிராஃப்டின் முதல் தெரிவு, நேரே என்.எச்.எல். சென்றவர். எங்கள் பிள்ளைக்குக் காத்திருப்பது என்.எச்.எல்.லுக்கு அடுத்த நிலை லீக்கான ஏ.எச்.எல்.: 72 ஆட்டங்கள், சில வார இறுதிகளில் மூன்று நாளில் மூன்று ஆட்டம். அவனுக்கு வேகம் இருக்கிறது. ஆனால் மூலையில் இருவர் நெருக்கினால், நடுவில் தனியாக நிற்கும் சக வீரனைத் திரும்பிப் பாராமல் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) மைதானச் சுற்றுப் பலகையோரமாகத் தள்ளிவிடுகிறான். என் கவலையெல்லாம் இதுதான்.

பயிற்றுநர் இன்னும் ஓர் ஆண்டு இருக்கச் சொல்கிறார். ஹொக்கி விடயங்களில் எங்களுக்கு வழிகாட்டும் குடும்ப ஆலோசகர் இப்போதே போகச் சொல்கிறார். ஆட்ட நேரத்துக்கு உறுதி கேட்டோம், அணி தரவில்லை. படிப்பைப் பின்னர் தொடரலாம் என்ற பல்கலைக்கழகம், உதவித்தொகை பற்றி எழுத்தில் எதுவும் கூறவில்லை. ஏப்ரலுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

இந்த நிலையைக் கடந்த பெற்றோரிடமும் வீரர்களிடமும் கேட்கிறேன்: பின்சுற்றில் தெரிவான தற்காப்பு வீரனின் ஆட்டத்தை வளர்ப்பது, கல்லூரியில் முதல் தற்காப்பு இணையில் அதிக நேரம் ஆடும் நான்காம் ஆண்டா, ஏ.எச்.எல்.லில் கிடைக்கக்கூடிய குறைந்த நேரமா?