இழைக்கீறல்: கருப்புக் காரின் பூச்சில் தெரியும் நுண்கோடுகளுக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

கருப்புக் காரை இரவில் தெருவிளக்கின் கீழ் நிறுத்தினால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றி மெல்லிய கோடுகள் வட்டம் வட்டமாகத் தெரியும். ஆங்கிலத்தில் ‘ஸ்வர்ல் மார்க்’ (swirl mark) எனப்படும் அவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். சுழற்கீறல், வலைக்கீறல், நுண்கீறல் என்று மூன்று சொற்கள் வந்தன. அனுப்பிய நண்பர்களுக்கு நன்றி. மூன்றையும் பலமுறை சொல்லிப் பார்த்தேன், எழுதிப் பார்த்தேன். எதிலும் மனம் நிற்கவில்லை. சுழற்கீறலுக்கு ஆதரவாக வந்த வாதம் இது:

> ‘ஸ்வர்ல் மார்க்’ என்பதில் சுழல் இருக்கிறது. எனவே ‘சுழற்கீறல்’ என்பதே நேரான பெயர்ப்பு.

நேரான பெயர்ப்புதான். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லே கண்ணுக்குத் தோன்றும் மயக்கத்தைப் பெயராக்கியிருக்கிறது. அந்தக் கீறல்கள் பெரும்பாலும் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசைகளிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் சின்னச் சின்னக் கோடுகள் அவை. ஒற்றை விளக்கின் ஒளி படும்போது, ஒளியை நம் கண்ணை நோக்கித் திருப்பும் கோணத்தில் கிடக்கும் கீறல்கள் மட்டுமே மின்னும், மற்றவை மறைந்துவிடும். மின்னுபவை அனைத்தும் விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளையம்போல் அமைவதால் வட்டமாகத் தோன்றுகிறது. ஐயம் இருப்பவர்கள் அந்த வளையத்தைப் பார்த்தபடியே இரண்டு அடி நகர்ந்து பாருங்கள். வளையமும் கூடவே நகரும். பூச்சில் உண்மையாகவே வட்டம் கீறப்பட்டிருந்தால் அது இடத்தைவிட்டு அசையாது. கார் இல்லாதவர்கள் பல ஆண்டுகள் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டைச் சமையலறை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்க்கலாம். அதே வளையம்தான் அங்கும்.

‘சுழற்கீறல்’ என்று பெயர் வைத்தால் படிப்பவர் என்ன நினைப்பார்? வட்டமாகத் துடைத்ததால் வந்தது, நேராகத் துடைத்தால் வராது என்று நினைப்பார். மணல் ஒட்டிய துணியால் நேராகத் துடைத்தாலும் கீறல் விழும், இரவில் பார்த்தால் அதுவும் வட்டமாகவே தெரியும். ‘வலைக்கீறல்’ என்பதற்கும் இதே தடைதான். அதுவும் தோற்றத்தைத்தான் பிடித்திருக்கிறது.

‘நுண்கீறல்’ தவறான சொல் அன்று. ஆனால் கண்ணாடி, பல், எலும்பு என்று எங்கும் அதைப் பயன்படுத்தலாம். அளவைச் சொல்கிறது, வந்த வழியைச் சொல்லவில்லை. எனக்கு அந்த வழிதான் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்பதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

கருப்புக் கார் வாங்கிய புதிதில் அதன்மேல் எனக்கு அளவற்ற பிரியம். தினமும் காலையில் பழைய பனியன் துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவேன். இரவில் படிந்த தூசியைத் தட்டி, அப்படியே உலர்வாகத் துடைத்து, மேல்மூடியில் முகம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அலுவலகம் கிளம்புவேன். மூன்றாவது மாதம் ஒரு திருமண மண்டபத்தின் வாசலில், பெரிய விளக்கின் அடியில் வண்டியை நிறுத்தியபோது நெஞ்சு வெறுமையாகிவிட்டது. கதவு முதல் பின்பக்கம்வரை வெளிறிய வலை. கருமையே போய்ச் சாம்பல் பூத்ததுபோல் இருந்தது. யாரோ வேண்டுமென்றே செய்துவிட்டார்கள் என்றுகூட முதலில் நினைத்தேன். செய்தது என் கையும் அந்தப் பனியனும்தான்.

நம் தெருத்தூசியில் இருப்பது பெருமளவு மணல். மணலில் இருக்கும் குவார்ட்சு கண்ணாடியையே கீறும். காரின் நிறத்தின்மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று இருக்கிறது. அது கண்ணாடியைவிட மென்மையானது. அதன் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான், நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. உலர்ந்த தூசியின்மேல் துணியை அழுத்தி இழுப்பது, உப்புத்தாளை மெதுவாக இழுப்பதற்குச் சமம். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் இருக்கின்றன. ஆனால் வெள்ளை நிறம் தானே எல்லாப் பக்கமும் ஒளியைச் சிதறடிப்பதால், கீறல் சிதறடிக்கும் ஒளி அதில் கலந்து மறைந்துவிடுகிறது. கருப்பு, விழுந்த ஒளியை விழுங்கிவிடும். அந்த இருட்டில் ஒவ்வொரு கீறலும் வெள்ளிக் கம்பிபோல் துலங்கும்.

அதனால் என் முன்மொழிவு இழைக்கீறல்.

இழை என்றால் நூல். கீறலும் நூலிழைபோல் மெல்லியது. துணியின் இழையில் சிக்கிய மணல்தான் அதைக் கீறுகிறது. இவை இரண்டைவிட எனக்குப் பிடித்தது மூன்றாவது பொருள். சந்தனம் இழைக்கிறோம், தச்சர் இழைப்புளியால் பலகையை இழைக்கிறார். இழைத்தல் என்றால் உராய்ந்து தேய்த்தல். தேய்ப்பதால் வருவது என்ற காரணம் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. இந்தச் சொல்லைக் கேட்டவர் துணியை எடுக்கும் முன் ஒரு கணம் தயங்கினால், அது கலைச்சொல் செய்யும் நல்ல வேலை. இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வந்த தடை ஒன்று:

> தேய்த்தல் என்ற பொருள் வேண்டுமென்றால் அது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘இழைகீறல்’ என்றல்லவா எழுத வேண்டும்?

இதை எழுதிய ஐயாவுக்கு என் வணக்கம். இலக்கணம் அவர் சொல்வதுதான். ஊறுகாய், சுடுசோறு என்ற வரிசையில் வைத்தால் ஒற்று வராது. ஆனால் நான் இதை இழை போன்ற கீறல் என்று உவமைத்தொகையாகவே கொள்கிறேன். தாமரைக்கண்ணில் ஒற்று மிகுவதைப்போல் இங்கும் மிகும். தேய்த்தல் என்ற பொருள் சொல்லின் நிழலாகக் கூடவே வரட்டும். ‘இழைகீறல்’ என்று எழுதினால் அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்திவிடுவார்கள் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

இனி, இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல். பட்டறைகளில் ‘பாலிஷ்’ என்ற ஒரே சொல்லால் இரண்டு வேலைகளைச் சொல்கிறார்கள். அவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்று, ‘ரப்பிங் காம்பவுண்ட்’ எனும் அரைபசையைத் தடவி இயந்திரத்தால் தேய்த்து, கீறலின் அடிமட்டம்வரை தெளிபூச்சைச் சீவி எடுப்பது. இதில் பூச்சு குறைகிறது. மற்றொன்று, மெழுகைப் பூசி மேலே ஒரு படலம் ஏற்றுவது. இதில் பூச்சுக்குக் காப்பு கூடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘பாலிஷ் போட்டால்’ வண்டிக்கு நல்லது என்று நம்பி, முதல் வகையையே திரும்பத் திரும்பச் செய்துகொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் சில மைக்ரான்கள் போகின்றன. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பதும் அந்தத் தெளிபூச்சுதான். அது மெலிந்த இடத்தில் நிறம் வெளுக்கும், பிறகு தோல்போல் உரியும். சொல் ஒன்றாக இருப்பதால் வரும் சேதம் இது.

மெருகு, மெழுகு என்று இரண்டு நல்ல சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. மெழுகுதல் என்ற வினைகூட, சாணத்தால் தரையை மெழுகியது போல், மேலே பூசுதல் என்ற பொருளிலேயே வாழ்கிறது. ஆயினும் ரகரமும் ழகரமும் தொலைபேசியில் ஒன்றாகக் கேட்கும். வண்டியைப் பட்டறையில் விடும்போது அந்தக் குழப்பம் கூடாது. ஆகவே முதல் வேலைக்குத் தேய்மெருகு, இரண்டாவதற்கு மெழுகுப்பூச்சு என்று வைத்துக்கொள்ளலாம். தேய்மெருகு வினைத்தொகைதான், ஐயா மகிழ்வார் என்று நம்புகிறேன்.

> சொல் இருக்கட்டும், கீறல் வராமல் கழுவுவது எப்படி என்றும் எழுதுங்கள்.

மகிழ்ச்சியாக எழுதுகிறேன். துணியைத் தொடும் முன் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை ஓடவிட வேண்டும். பிறகு இரண்டு வாளிகள். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் வெறும் நீர். மைக்ரோஃபைபர் கையுறையால் மேற்கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும், சக்கரத்தின் பக்கம் கடைசியில். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் நீரில் அலசி மணலை அங்கே விட்டுவிட்டு, அதன்பிறகே ஷாம்பு நீருக்குப் போக வேண்டும். கீழே விழுந்த துணியை மறுபடி வண்டியில் வைக்கவே கூடாது.

நிழலில் கழுவுங்கள். வெயிலில் கருப்புத் தகடு கொதிக்கும், நீர் துடைக்கும் முன்பே உலர்ந்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீராக இருந்தால் சுண்ணாம்பும் மக்னீசியமும் வட்ட வட்டமாகத் தங்கிவிடும். இதற்கு ‘உப்புக்கறை’ என்று மக்கள் ஏற்கெனவே பெயர் வைத்துவிட்டார்கள், நாம் தொட வேண்டாம். பறவை எச்சத்தை மட்டும் வார இறுதிவரை விடாதீர்கள். ஈரத்துணியை அதன்மேல் சில நிமிடங்கள் போட்டு, ஊறியபின் தேய்க்காமல் தூக்கி எடுங்கள். எச்சம் வெயிலில் ஒரே நாளில்கூடத் தடம் பதித்துவிடும்.

நான் இப்போது தினமும் துடைப்பதில்லை. வாரம் ஒருமுறை கழுவுகிறேன், இடைப்பட்ட நாள்களில் தூசி இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். ஒருமுறை தேய்மெருகு செய்து, மேலே மெழுகுப்பூச்சும் ஏற்றினேன். கருமை திரும்பியிருக்கிறது.

ஒரு வேண்டுகோள். பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கும் பட்டறைகளில் இந்தக் கீறலுக்கு ஏற்கெனவே ஒரு வழக்குச் சொல் இருக்கக்கூடும். உங்கள் ஊரில், கோவையோ யாழ்ப்பாணமோ ஈப்போவோ, வயதான பெயின்டர் யாரையாவது கேட்டு எழுதுங்கள். அவர் சொல் நன்றாக இருந்தால் என் இழைக்கீறலை நானே எடுத்துவிடுகிறேன்.