கீசர் நிப்பிள் துருப்பிடித்து ஒழுகுகிறது. டைல்ஸை உடைக்காமல் கழற்ற முடியுமா?

மேடவாக்கம் வாசி:
15 லிட்டர் கீசர், மாட்டி ஏழு வருடம் ஆகிறது. போர் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளை வளையம் விழுகிற ரகம். ஒரு மாதமாகச் சுடுதண்ணீர்ப் பக்கம் சொட்டுகிறது. கனெக்‌ஷன் ஹோஸ் சுவரில் சேரும் இடத்து நிப்பிளில் (இரண்டு முனையிலும் மரை உள்ள சின்னக் குழாய்த் துண்டு) பச்சையும் காவியுமாக உப்புக் கட்டி நிற்கிறது. பிசைந்து ஒட்டுகிற பசையை அப்பினேன், மூன்று நாள் தாங்கியது. வந்த பிளம்பர் ஒரு திருகு திருகிப் பார்த்துவிட்டு, "சார், இது வராது, டைல்ஸை உடைக்கணும்" என்றார். இதே டைல்ஸ் இப்போது எந்தக் கடையிலும் இல்லை. என்ன செய்யலாம்?

பழைய ஃபிட்டர்:
தம்பி, முதலில் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, நிப்பிளிலும் ஹோஸின் இரண்டு நட்டிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றுங்கள். எது முதலில் நனைகிறதோ அதுதான் குற்றவாளி. கீசரின் அடிமூடிக்குள்ளிருந்து தண்ணீர் வந்தால் டாங்க் ஓட்டை. அதற்கு வைத்தியம் கிடையாது.

காவி என்றால் இரும்பு, பச்சை என்றால் பித்தளை. சுவருக்குள் இருக்கும் பிராஸ் எல்போவில், அதாவது பித்தளை வளைவில், ஜிஐ (நாகம் பூசிய இரும்பு) நிப்பிளைத் திருகியிருக்கிறார்கள். உப்புத் தண்ணீரில் இந்த இரண்டும் ஒட்டி இருந்தால் முதலில் நாகப் பூச்சு போகும், அப்புறம் இரும்பு அரிக்கும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். பசை இதற்கு நிற்காது.

சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள், மின்பெட்டியில் இருக்கும் எம்சிபி பிரேக்கரை இறக்குங்கள். தண்ணீர் ஆறட்டும். கீசர் வால்வை மூடினால் மட்டும் போதாது; சுடுதண்ணீரும் பச்சைத்தண்ணீரும் கலக்கிற டைவர்ட்டர் வழியாகப் பச்சைத்தண்ணீர் திரும்பி வரும், மொட்டைமாடி கேட் வால்வையே மூடுங்கள். சுடுதண்ணீர்ப் பக்க ஹோஸைக் கழற்றினால் டாங்க் முழுக்கக் கொட்டிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அந்தக் குழாய் உள்ளே டாங்கின் உச்சிவரை போகிறது, கொஞ்சம்தான் வரும். கீசர் பக்க நட்டைத் திருகும்போது டாங்கின் குழாயை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

நிப்பிளுக்கு டபிள்யூடி-40 அடித்து ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். காலையில் சுத்தியலால் லேசாகத் தட்டி, ரெஞ்சால் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல், அப்புறம் கழற்றுகிற பக்கம். முன்னும் பின்னுமாகத்தான் வரும். ஒரே மூச்சில் முறுக்கினால் சுவருக்குள் இருக்கும் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் பிளந்துவிடும். அப்போது டைல்ஸை உடைத்தே ஆக வேண்டும்.

கோவை அக்கா:
இடையில் ஒன்று. கீசரின் இன்லெட்டில் இருக்கும் சேஃப்டி வால்வு, தண்ணீர் சூடாகும்போது சில சொட்டு விடும். அது ரிப்பேர் இல்லை. எங்கள் வீட்டில் அந்த ஓட்டையை ஒருவர் குச்சி வைத்து அடைத்தார். பார்த்து எனக்குத்தான் வேர்த்துவிட்டது. தயவுசெய்து அடைக்காதீர்கள்.

மேடவாக்கம் வாசி:
அண்ணா, சொன்னபடியே செய்தேன். நிப்பிள் அசைந்தது, சந்தோஷப்பட்டேன், பாதியில் பிஸ்கட் மாதிரி ஒடிந்துவிட்டது. மரை சுவருக்குள்ளேயே நிற்கிறது. வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

பழைய ஃபிட்டர்:
பதறாதீர்கள், இது தினம் நடப்பது. ஹாக்சா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்து, மிச்சத் துண்டின் உட்புறத்திலிருந்து நீளவாக்கில் ஒரு வெட்டு, சற்றுத் தள்ளி இன்னொன்று. பித்தளையின் மஞ்சள் தெரியப் போகும்போது நிறுத்திவிடுங்கள். நடுவில் இருக்கும் கீற்றைச் சின்ன உளியால் உள்பக்கம் மடக்கினால் மற்றது தளர்ந்துவிடும், மூக்கு பிளையரால் சுற்றி எடுக்கலாம். பழைய பல்துலக்கியால் மரையைச் சுத்தம் செய்துவிட்டு, பித்தளை நிப்பிள் வாங்கிப் போடுங்கள், ஜிஐ வேண்டாம். டெஃப்லான் டேப்பை மரை போகிற பக்கமாகவே பத்துப் பன்னிரண்டு சுற்று. ஹோஸ் நட்டுக்கு உள்ளே வாஷர் இருக்கிறது, அங்கே டேப் தேவையில்லை, கையால் இறுக்கி ரெஞ்சால் கால் திருகு.

மேடவாக்கம் வாசி:
வந்துவிட்டது! இரண்டு மணி நேரம், ஒரு பிளேடு, ஒரு விரல் கீறல். வெளியே வந்த துண்டின் சுவர் தாள் கனம்தான் இருந்தது. சுடுதண்ணீர்க் குழாயில் காற்று இல்லாமல் ஒழுங்காக ஓடும்வரை விட்டு, அப்புறம்தான் எம்சிபியைப் போட்டேன். டிஷ்யூ ராத்திரி முழுக்கக் காய்ந்தே இருந்தது. பக்கத்திலேயே பச்சைத்தண்ணீர் நிப்பிளும் அதே ஜிஐ, இப்போதுதான் ஓரத்தில் வெள்ளை பூக்கிறது. இன்னொரு பித்தளை நிப்பிளும் வாங்கி வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதையும் கழற்றுகிறேன்.