வலை போட்டு நிற்கும் படகுக்கு ஏஐஎஸ்: அலாரம் எப்படி வைப்பது?

கேள்வி: கன்னியாகுமரிக்குத் தெற்கே தங்கல் தொழில் (பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிறது), விசைப்படகு. கிளாஸ் பி ஏஐஎஸ் (நம்ம இடத்தையும் வேகத்தையும் ரேடியோவில் மற்ற கப்பல்களுக்குச் சொல்லி, அவங்களோடதை நமக்குக் காட்டும் கருவி; கிளாஸ் பி சின்னப் படகுகளுக்கான வகை) பொருத்தியாச்சு. ராத்திரி முழுக்க அலாரம் அடிக்குது, பசங்க அணைச்சுடறாங்க. சிபிஏ (கப்பல் நம்மை எவ்வளவு கிட்டத்தில் கடக்கும்ங்கிற தூரம்), டிசிபிஏ (அந்தக் கிட்டத்துக்கு வர ஆகும் நேரம்) எவ்வளவு வைக்கணும்? கப்பல்காரனுக்கு நம்ம படகு தெரியுமா?

பதில் 1: சிபிஏ 1 கடல் மைல், டிசிபிஏ 20 நிமிஷம் வைங்க. 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகக் கப்பல் அதற்குள் ஏறக்குறைய 6.7 மைல் வரும். வலையைப் பார்த்து முடிவெடுக்க நேரம் இருக்கும். துறைமுகம் நெருங்கும்போது 0.3 மைலுக்குக் குறைச்சுக்கோங்க. அணைக்க மட்டும் விடாதீங்க.

பதில் 2: அண்ணே, முக்கியமானது வேறே. வேகம் 2 நாட்டுக்குக் கீழே போனா கிளாஸ் பி 3 நிமிஷத்துக்கு ஒருமுறைதான் இடத்தை அனுப்பும். அந்த இடைவெளியில 20 நாட் கப்பல் ஒரு மைல் வந்துடும். கப்பல் திரையில கிளாஸ் பியை மறைச்சு வைக்கவும் வழி உண்டு. அதனால விளக்கு, ரேடார் பிரதிபலிப்பான், விஎச்எஃப் ரேடியோவில 16ஆம் சேனல் (அவசர, அழைப்புச் சேனல்) மூணும் வேணும்.

பதில் 3: ஏஐஎஸ் சிக்னல் போகும் தூரம் குறைவா? ஆன்டெனாவைப் பாருங்க. கிளாஸ் பியிலேயே சிஎஸ்ங்கிற வகையின் சக்தி 2 வாட்தான், மெல்லிய கேபிள் அதையும் தின்னும். 4 மீட்டர் உயரத்துல வைங்க. பிளக்கில் உப்புத்தண்ணி ஏறினா விஎஸ்டபிள்யூஆர் (சக்தி ஆன்டெனாவுக்குப் போகாம திரும்பி வருதுங்கிற) எச்சரிக்கை வரும். பழைய பிளக்கை வெட்டிட்டு புதுசா போட்டு, தானே ஒட்டும் ரப்பர் டேப் சுத்துங்க. ஆன்டெனா கழட்டியிருக்கும்போது கருவியை ஆன் பண்ணவே கூடாது.