படிப்பை மறைத்து வேலை கேட்டவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? (பெங்களூர் அனுபவங்கள்)

லேத்துக்காரன்:
பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு ஜாப் ஒர்க் ஷாப்பில், அதாவது மற்ற கம்பெனிகளுக்கு பாகங்கள் கடைந்து தரும் பட்டறையில், சூப்பர்வைசர் நான். சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்) ஆப்பரேட்டர் தேவை, ஐடிஐ அல்லது பிளஸ் டூ போதும் என்று கேட்டில் அட்டை தொங்கவிட்டிருந்தோம். தர்மபுரிப் பையன் ஒருவன் வந்தான். பயோடேட்டாவில் பிளஸ் டூ 2016. அடுத்து நேராக 2021, ஓசூரில் ஹெல்பர். நடுவில் வெள்ளை.

"இந்த அஞ்சு வருஷம் என்னப்பா பண்ணே?"

"ஊர்ல விவசாயம் சார்."

சரி என்று ஒரு ஷாஃப்ட் டிராயிங்கைக் கையில் கொடுத்தேன். ஒரு நிமிஷம் பார்த்தான். "சார், ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் முந்தின ஸ்டெப்புல இருந்து அளவு போட்டிருக்காங்க. டாலரன்ஸ், அதான் அளவுல விடுற கூடுதல் குறைச்சல், எல்லாம் கூடிக்கிட்டே போய் மொத்த நீளம் உதைக்கும். ஒரே முகத்துல இருந்து போட்டிருக்கணும்" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

பயோடேட்டாவைத் திருப்பி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். ஒயிட்னர் பூசிய இடத்தில் எழுத்து இடம் வலம் மாறித் தெரிந்தது. பி.இ. மெக்கானிக்கல், 2020, 74 சதவீதம்.

எங்கள் முதலாளியின் சட்டம்: பி.இ. வேண்டவே வேண்டாம். "ஆறு மாசத்துல ஓடிடுவான், கத்துக்கொடுத்தது தண்டம்." அனுப்பிவிட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த டிராயிங் வேலையில் 40 பீஸ் ரிஜெக்ட் ஆனது, அவன் சொன்ன அதே நீளத்தில்.

பொம்மனஹள்ளிப் பொண்ணு:
நான் எதையும் மறைக்கவில்லை, என் ஒரிஜினல் சர்டிபிகேட்டையே ஒருத்தர் பிடுங்கி வைத்துக்கொண்டார். பிசிஏ முடித்தேன். அம்மா கார்மெண்ட்ஸில் டெய்லர். 2016 ஏப்ரலில் பிஎஃப் பணத்தை 58 வயது வரை முழுசாக எடுக்க விடமாட்டோம் என்றபோது ஓசூர் ரோட்டில் இறங்கினார்களே, அந்தக் கூட்டத்தில் அம்மாவும் ஒருத்தி. அந்த விதியை அரசு வாபஸ் வாங்கியது. எந்தப் பணத்துக்காக ரோட்டில் நின்றாரோ, அதே பிஎஃப்பை எடுத்துத்தான் எனக்காக ஒரு கன்சல்டன்சியில் 80,000 கட்டினார். ட்ரெயினிங், அப்புறம் வேலை கேரண்டி என்று சொல்லி ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒரு திங்கட்கிழமை மழையில் போனேன். போர்டு இல்லை. சுவரில் நாலு ஸ்க்ரூ ஓட்டை மட்டும் இருந்தது. ஷட்டருக்கு வெளியே என்னைப் போல பதினைந்து பேர், யாரும் யாரையும் பார்க்கவில்லை.

டூப்ளிகேட் வாங்க எஃப்ஐஆர், அஃபிடவிட், யுனிவர்சிட்டி என்று அலைந்தது தனிக் கதை.

கம்மனஹள்ளி மாமா:
லேத்துக்காரரே, நீங்கள் செய்தது தப்பு. முதலாளி சட்டம் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள். நானும் 1998-ல் எம்.ஏ.வை மறைத்துத்தான் கொரியர் கம்பெனியில் சேர்ந்தேன், மூன்றாம் மாதம் மாட்டிக்கொண்டேன், அது கிடக்கட்டும். பையன்கள் படிக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். பி.இ.யோ டிப்ளமாவோ முடித்துச் சும்மா இருந்தால் நேஷனல் அப்ரெண்டிஸ்ஷிப் ட்ரெயினிங் திட்டத்தில் பதிவு செய்யுங்கள். ஒரு வருஷம் ஸ்டைபெண்ட், குறைந்தபட்சத் தொகையில் பாதியை அரசே தருகிறது. தெற்கு மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. முதலாளி "கத்துக்கொடுத்தது தண்டம்" என்று அழுகிறாரே, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. 1961-லிருந்து சட்டமே இருக்கிறது, சின்ன ஷாப்காரர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. கை வேலை வேண்டும் என்றால் ராஜாஜிநகரில் அரசு டூல் ரூம், ஜிடிடிசி என்பார்கள், 1972-ல் டென்மார்க் உதவியோடு ஆரம்பித்தது. அங்கே டூல் அண்ட் டை (கருவியும் அச்சும் செய்யும் படிப்பு) படித்தவன் கையில் மைக்ரோமீட்டரைக் கொடுத்துப் பாருங்கள். ஐடி ஐடி என்று ஒயிட்ஃபீல்டையே பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்து சுளுக்கும். இன்னொன்று, பயோடேட்டாவில் போட்டோ ஒட்டாதீர்கள். அப்பா பெயர், மதம் எதுவும் எழுதாதீர்கள். பக்கம் ஒன்றைத் தாண்டக் கூடாது.

பொம்மனஹள்ளிப் பொண்ணு:
மாமா, யாரும் கேட்கவில்லையே.

ஹலசூர் வாத்தியார்:
"படிச்சு என்ன கிழிச்சே" என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஐஎல்ஓவும் (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) டெல்லியில் உள்ள மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை. 2022-ல் இளைஞர்களில் பட்டதாரிகளின் வேலையின்மை 29.1%, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் 3.4%. இதை வைத்து என் டியூஷன் பையனின் அப்பா, "அப்போ படிக்க வைக்காம இருந்தா வேலை கிடைக்குமா?" என்றார். படிக்காதவனுக்கு வேலை தேடிக்கொண்டு உட்கார வசதி இல்லை, அன்றைக்கே மூட்டை தூக்கப் போகிறான், அந்தக் கணக்கில் அவன் "வேலையில் இருப்பவன்" என்றேன். பையன் பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். அவன் என்னையும் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை.

கம்மனஹள்ளி மாமா:
வாத்தியார் சொல்வது பாதி சரி. தமிழ்நாட்டில் 500-க்கும் மேல் இன்ஜினியரிங் காலேஜைத் திறந்துவிட்டு, ஃபேக்டரியை மட்டும் அந்த வேகத்தில் திறக்காவிட்டால் இப்படித்தான். லேத்துக்காரர் பதில் சொல்லவில்லையே? ரிஜெக்ட் ஆன பிறகாவது அவனைக் கூப்பிட்டிருக்கலாமே?

லேத்துக்காரன்:
கூப்பிட்டேன் மாமா. 40 பீஸைக் காட்டி முதலாளியிடம் சண்டை போட்டு, சம்மதம் வாங்கிக்கொண்டுதான் கூப்பிட்டேன். அவன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப். பயோடேட்டாவின் கீழே வீட்டு நம்பர் ஒன்று இருந்தது. அவன் அப்பா எடுத்தார். பீன்யாவிலிருந்து பேசுகிறேன், ஆப்பரேட்டர் வேலை விஷயமாக என்று ஆரம்பித்தேன்.

"ராங் நம்பருங்க. என் பையன் பெங்களூர்ல இன்ஜினியரா இருக்கான், ரெண்டு வருஷமா."

சரிங்க என்று வைத்துவிட்டேன்.