மறு: நான்கு பாஸ்வேர்டுக்கும் ஒரே ‘கடவுச்சொல்’லா?

குழுவினருக்கு வணக்கம்.

பாட்டும் படமும் போடும் ஊடக இயக்கிச் செயலியின் தமிழாக்கத்தில் நான்கு இடங்களில் ‘கடவுச்சொல்’ என்று போட்டிருந்தேன். நான்கையும் பிரிக்க வேண்டும் என்று எழுதியதற்கு மதுரை ஐயா கேட்டிருந்தார்:

> நிலைத்துவிட்ட சொல்லை ஏன் மறுபடி கிளறுகிறீர்கள்?

கிளறவில்லை ஐயா. வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

இணைப்புக் கொடுக்க வந்தவர் அப்பாவின் மொபைல் எண்ணையே வைஃபைக்குக் கடவுச்சொல்லாக வைத்துவிட்டுப் போனார். அப்பாவின் எண் தெருவுக்கே தெரியும். ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் டிவி தானாக உயிர்பெற்று குத்துப்பாட்டுப் பாடியது. மாடிவீட்டுப் பையன் தன் டிவி என்று நினைத்து எங்கள் டிவியைத் தொட்டிருக்கிறான். கடவுச்சொல்லை மாற்றினால் வீட்டிலுள்ள எல்லாச் சாதனத்திலும் திரும்பப் போட வேண்டுமே என்ற சோம்பலில், பாட்டு அனுப்புகிற ஒவ்வொரு முறையும் எண் கேட்கும்படி டிவியில் மட்டும் மாற்றி வைத்துவிட்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அம்மா போனில்: “பாட்டுப் போடலாம்னா பாஸ்வேர்ட் கேக்குதுடா.” அப்பா நம்பர்தாம்மா என்றேன். அடித்துக்கொண்டே வந்தவர் நாலாவது எண்ணில் நின்றுவிட்டார். “நாலு கட்டம்தான்டா இருக்கு. மீதி ஆறை எங்க போடறது?”

அம்மா நின்றது அடுப்படியில். கேட்ட நாலு எண்ணும் கூடத்து டிவியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒளிர்ந்துகொண்டிருந்தன. நானும் அதை யோசிக்கவில்லை, ‘பாஸ்வேர்ட்’ என்ற சொல் என்னையும் வைஃபைக்கே கொண்டுபோய்விட்டது.

கடவுச்சொல் மறைத்து வைப்பது. இந்த எண்ணையோ டிவியே ஊரறியக் காட்டுகிறது. மறுமுறை வேறு எண் வரும். அது சோதிப்பது ஒன்றைத்தான்: நீங்கள் அந்த டிவியின் முன் இருக்கிறீர்களா? மாடியிலிருக்கும் பையனுக்குத் திரை தெரியாது, அவ்வளவே பாதுகாப்பு. ஆகவே ‘கடவுச்சொல்’லும் ‘மறைக்குறி’யும் இதற்குப் பொருந்தா. கோவை நண்பர் தந்த ‘இணைப்புக்குறி’ பரவாயில்லை, ஆனால் எங்கே பார்ப்பது என்பதை அது சொல்லவில்லை. ‘ஒருமுறைக் கடவெண்’ என்றால் அம்மா எஸ்எம்எஸ்ஸில் தேடுவார். ஓடிபி என்று நினைத்து, யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடமே மறைத்தாலும் மறைப்பார்!

என் முன்மொழிவு: திரையெண். எங்கே இருக்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது.

மற்ற மூன்றும் மோடத்தின் அடியில் ஒட்டிய சீட்டில் கிடப்பவை. (ரவுட்டருக்குத் திசைவியா, வழிச்செலுத்தியா என்ற சண்டை இந்த இழையில் வேண்டாம், வீட்டில் எல்லோரும் மோடம் என்கிறார்கள்.) முதலாவது வைஃபைக் கடவுச்சொல். வைஃபையைப் பூட்டும் டபிள்யூபிஏ2 முறையில் 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம். இதில் சொல் மாற்றம் வேண்டாம். மறந்துவிட்டால் மோடத்தைக் கவிழ்க்கவும் வேண்டாம். ஏற்கெனவே இணைந்திருக்கும் போனில் கிடைக்கும். ஆண்ட்ராய்டு 10 முதல் கியூஆர் கட்டமாகப் பகிரலாம், ஐஓஎஸ் 16 முதல் அமைப்புகளிலேயே எழுத்தாகப் பார்க்கலாம்.

இரண்டாவது, மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறப்பது. இதற்கு ‘நிர்வாகக் கடவுச்சொல்’ போதும். வாங்கிய அன்றைக்கே மாற்ற வேண்டியது இதுதான், யாரும் மாற்றுவதில்லை.

மூன்றாவது டபிள்யூபிஎஸ் பின், அதாவது கடவுச்சொல் அடிக்காமலே ஒரு சாதனத்தை வைஃபையில் சேர்க்கும் எண். எட்டு இலக்கம் என்றதும் பத்துக் கோடி வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் மோடம் முதல் நான்கையும் அடுத்த நான்கையும் தனித்தனியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிடும் வெறும் சரிபார்ப்பு இலக்கம், அதை ஊகிக்க வேண்டியதில்லை. 10,000-உம் 1,000-உம் சேர்த்து 11,000 முயற்சியில் எவனும் உள்ளே வரலாம் என்பது 2011-இலேயே அம்பலமாகிவிட்டது. இதற்குத் தமிழ்ச்சொல் தேடுவதைவிட அணைத்து வைப்பது மேல். ‘டபிள்யூபிஎஸ் பின்’ என்றே விடுகிறேன்.

சேலத்திலிருந்து

—

தம்பி, திரையெண் நல்லாயிருக்கு. ‘கடவு’ ஏன் போச்சுது எண்டுதான் எனக்குக் கவலை. எங்கட பக்கம் ரயில் பாதையைத் தாண்டுற இடம் புகையிரதக் கடவை, றோட்டைத் தாண்டுறது பாதசாரிக் கடவை. வேலியில ஆள் புகுந்து போற இடைவெளியும் கடவைதான். தாண்ட விடுற எதுக்கும் அந்த வேர் பொருந்தும், மறைப்பு அதில இல்லை. ‘திரைக்கடவெண்’ எண்டு போடலாமே?

இன்னுமொரு சிக்கல். ஏர்பிளேயில (போனில இருந்து வைஃபையால பாட்டும் படமும் அனுப்புற ஆப்பிள் முறை) பாட்டு ஸ்பீக்கருக்கும் போகும். ஸ்பீக்கருக்கு ஏது திரை?

யாழ்ப்பாணத்திலிருந்து

—

அண்ணா, வேலிக் கடவை எனக்குப் புதிது, மனதில் நின்றுவிட்டது. ‘கடவு’ பற்றி நான் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்: வேரில் மறைப்பு இல்லை, எங்கள் பழக்கத்தில்தான் ஏறிக்கொண்டது. ஆனாலும் ‘திரைக்கடவெண்’ பொத்தான் அகலத்தில் அடங்காது, போனில் சொல்லும்போது வாயிலும் அடங்காது.

ஸ்பீக்கர் கேள்விதான் என்னைச் சரியாக மடக்கியது. காட்டத் திரை இல்லாததால் அங்கே நாமே ஒரு சொல்லை முன்கூட்டி வைக்கிறோம், மாற்றும்வரை அது மாறாது. அப்படியானால் அது அசல் கடவுச்சொல்லேதான். அந்த வரியில் ‘ஸ்பீக்கர் கடவுச்சொல்’ என்றே வைக்கிறேன். டிவி வரியில் மட்டும் திரையெண்.

போனிலிருந்து டிவிக்கு அனுப்புவதை ஆங்கிலத்தில் ‘காஸ்ட்’ என்கிறார்கள். அதற்கு நான் வைத்த ‘திரையேற்று’ என்ற வினைச்சொல்லையும் இதே கேள்வி சாய்த்துவிட்டது. பதிவேற்று போல வரட்டும் என்று ஆசைப்பட்டேன். பாட்டை எந்தத் திரையில் ஏற்ற? கோவை நண்பரின் ‘வார்’ அழகுதான், தோசையும் வார்க்கிறோம், இரும்பும் வார்க்கிறோம். ஆனால் ‘டிவியில் வார்’ என்ற பொத்தானை அம்மா அழுத்தமாட்டார். ஏர்பிளே 2010-இலும் அதே வேலைக்கான கூகுளின் குரோம்காஸ்ட் 2013-இலும் வந்தன. அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் சொல்வது ‘டிவியில் போடு’, ‘ஸ்பீக்கரில் போடு’. பொத்தானில் அதையே எழுதப்போகிறேன். ஆவணங்களுக்குப் பெயர்ச்சொல் வேண்டும் என்பவர்கள் தனி இழை தொடங்குங்கள்.

இன்றிரவு சேர்க்கப்போகும் வரி:

“டிவியில் தெரியும் திரையெண்ணை இங்கே இடுங்கள்.”

‘உள்ளிடுக’வா ‘இடுங்கள்’ஆ என்று யாரும் இப்போது தொடங்காதீர்கள். வீட்டு வைஃபைக் கடவுச்சொல்லையும் இன்றே மாற்றியாயிற்று. அப்பா எண் இல்லை.

சேலத்திலிருந்து