காலக்கெடு டெஸ்டில் குறைந்த ஸ்கோர்: திறன் குறைவா, மொழித் தடையா?

மதி:
நாடு மாறி வேலை பார்ப்பவர்களுக்குத் தொழில் ஆலோசனை தருபவர்களிடம் ஒரு கேள்வி. ஆலோசனைக்கு வந்திருப்பவர் எலக்ட்ரீசியன். இரண்டு நாடுகளில் 12 ஆண்டு அனுபவம். இப்போது மூன்றாவது நாட்டில் பராமரிப்பு மேற்பார்வையாளர் வேலைக்குத் தகுதி உண்டா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறார். அந்நாட்டு மொழியில் பி1 தரம் (ஐரோப்பிய அளவுகோலில் இடைநிலை). அதே மொழியில் வைத்த திறன் டெஸ்டில் இடஞ்சார் திறன் (வடிவங்களை மனத்தில் திருப்பிப் பார்ப்பது) 58, எண் திறன் 44, சொல் திறன் 34. அளவுகோலின் சராசரி 50, திட்டவிலக்கம் (ஸ்கோர்கள் சராசரியிலிருந்து பரவும் அளவு) 10. எல்லாப் பகுதிகளுக்கும் காலக்கெடு உண்டு. அந்த 44-ஐ எப்படிப் புரிந்துகொள்வது? டெஸ்டை மறுபடி வைக்கலாமா?

நிலா:
ஸ்கோரை விட்டுவிட்டு முதலில் விடைத்தாளை எடுங்கள். 40 கேள்வியில் 22 வரை வந்து 20 சரி என்றால், மெதுவாக, ஆனால் துல்லியமாகச் செய்கிறார். 40-ஐயும் தொட்டு 20 சரி என்றால் நிலைமை வேறு: ஊகித்துப் போட்டிருக்கலாம், கணக்கே தடுமாறியிருக்கலாம். இரண்டுக்கும் ஸ்கோர் ஒன்றுதான். தர வேண்டிய ஆலோசனை ஒன்றல்ல. அடுத்து, தவறிய கேள்விகளை வெறும் கணக்கு, வாக்கியக் கணக்கு என்று பிரித்துப் பாருங்கள். வாக்கியக் கணக்கில் மட்டும் சறுக்கியிருந்தால் அங்கே அளக்கப்பட்டது பெரும்பாலும் வாசிப்பு வேகம்.

மறுபடி வைப்பதானால் அதே தாள் வேண்டாம், இணைத்தாள் (அதே திறனை அதே கடினத்தில் வேறு கேள்விகளால் அளக்கும் தாள்) இருந்தால் அதை வையுங்கள். நேரம் முடிந்ததும் வேறு நிறப் பேனா கொடுத்துத் தொடரச் சொல்லுங்கள். முதல் நிறத்துக்கு மட்டுமே ஸ்கோர். இரண்டாவது நிறம் உங்கள் புரிதலுக்கு. அதையும் கூட்டி, சரியான விடைகளை ஸ்கோராக மாற்றும் அட்டவணையில் தேடினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

தொடங்கும் முன் மாதிரிக் கேள்விகளைச் செய்ய வைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். தசமத்துக்குச் சில நாடுகளில் புள்ளி, சில நாடுகளில் காற்புள்ளி. வலமிருந்து இடமாகப் படித்துப் பழகியவருக்கு, வலக் கீழ்மூலையில் முடியும் கட்டப்புதிர்கூட முதல் சில நிமிடங்களில் குழப்பம்தான்.

அளவையன்:
நிலா சொன்னதோடு கொஞ்சம் கணக்கும் சேர்க்க வேண்டும். டெஸ்டின் கையேட்டில் நம்பகத்தன்மைக் கெழு (ஸ்கோர் எவ்வளவு நிலையானது என்று காட்டும் எண், அதிகபட்சம் 1) 0.84 என்று வைத்துக்கொள்வோம். அளவீட்டுப் பிழை = 10 × √(1 − 0.84) = 4. 95 சதவீத நம்பிக்கையோடு உண்மை ஸ்கோர் இருக்கும் எல்லையைச் சொல்ல, ஏறத்தாழ இருபுறமும் 8. ஆக உங்கள் 44 என்பது 36 முதல் 52 வரை. "சராசரிக்குக் கீழே" என்று இதை வைத்து எழுத முடியாது.

பகுதிகளுக்கிடையிலான வித்தியாசத்துக்குப் பிழை இன்னும் பெரிது: √(16 + 16) = 5.7. சுமார் 11 புள்ளிக்கு மேல் இருந்தால்தான் அதை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளலாம். 58-க்கும் 44-க்கும் இடையே 14, அது கணக்கில் வரும். 44-க்கும் 34-க்கும் இடையே 10, வராது. காரணத்தை இந்தக் கணக்கு சொல்லாது. அதற்கு விடைத்தாள்தான்.

ஒப்பீட்டுக் குழுவையும் கேளுங்கள். அந்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களோடு ஒப்பிட்டால், அங்குள்ள போட்டியாளர்களிடையே இன்று இவர் எங்கே நிற்கிறார் என்பது தெரியும். பயிற்சி கொடுத்தால் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு அந்த ஒப்பீடு மட்டும் போதாது.

மதி:
நன்றி. மொழிபெயர்ப்பாளரை உட்கார வைத்து அவருடைய தாய்மொழியில் சொல் பகுதியை நடத்தலாமா?

அளவையன்:
கூடாது. வாய்மொழியாக மாற்றியவுடன் கேள்வியின் கடினம் மாறிவிடும், அட்டவணை செல்லாது. பன்னாட்டுத் தேர்வு ஆணையம் டெஸ்டுகளை மொழிமாற்றித் தகவமைக்க வெளியிட்ட வழிகாட்டுதலும் (இரண்டாம் பதிப்பு, 2017) மொழிபெயர்த்தால் போதும் என்று விடுவதில்லை. மாற்றிய பதிப்பு அதே திறனைத்தான் அளக்கிறதா என்பதற்குச் சான்று கேட்கிறது. மொழிபெயர்ப்பாளரை நேர்காணலுக்கு வையுங்கள். சொன்னதை மட்டும் மாற்ற வேண்டும், விளக்கம் சேர்க்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

பட்டறை:
மேற்பார்வையாளர் வேலைக்கு என்னைக் கேட்டால் பாதி முடிவு வேலை மாதிரியில்தான், அதாவது உண்மையான வேலை ஒன்றைச் செய்ய வைத்துப் பார்ப்பதில்தான், இருக்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டர் பேனல் ஒன்றில் மூன்று பழுது வையுங்கள்: கன்ட்ரோல் ஃபியூஸ் போனது, ஓவர்லோடு ரிலேயின் துணை கான்டாக்ட் திறந்தது, நியூட்ரல் தளர்ந்தது. வரைபடம், மல்டிமீட்டர், 40 நிமிடம். எத்தனை பழுது கண்டார் என்பதோடு எந்த வரிசையில் தேடினார் என்றும் குறியுங்கள். தொடுவதற்கு முன் சப்ளையைத் துண்டித்துப் பூட்டினாரா? மீட்டரை மின்சாரம் உள்ள இடத்தில் சோதித்து, பிறகு சர்க்யூட்டில் வைத்து, மறுபடி மீட்டரைச் சோதித்தாரா? இரண்டு பேர் தனித்தனியே மதிப்பெண் போட்ட பிறகே பேசிக்கொள்ள வேண்டும். அந்த 40 நிமிடம் முழுக்கக் கையில் ரேட்டிங் தாளோடு ஒருவர் பக்கத்திலேயே நிற்கட்டும், பாதுகாப்புக்கும் சேர்த்து.

வயர் நிறத்தையும் குறியீடுகளையும் முதலிலேயே விளக்கிவிடுங்கள். பழைய பிரிட்டிஷ் முறையில் கறுப்பு நியூட்ரல். அமெரிக்க முறையில் கறுப்பு லைவ். அமெரிக்க ஏணி வரைபடத்தில் இரண்டு இணைகோடாக வரையும் கான்டாக்ட், ஐஇசி (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) முறையில் பழகியவர் கண்ணுக்குக் கெபாசிட்டர். இதைச் சொல்லாமல் வைத்தால் நீங்கள் அளப்பது அவர் படித்த நாட்டை.

நேர்காணலில் "1 முதல் 5-க்குள் உங்களுக்கு எவ்வளவு?" என்று கேட்க வேண்டாம். அடக்கமாகப் பேசிப் பழகியவர் 3 என்பார், தன்னை முன்வைத்துப் பழகியவர் 5 என்பார். கடைசியாக எப்போது செய்தீர்கள், தனியாகவா, கையெழுத்திட்டது யார் என்று கேளுங்கள்.

ஆனால் சொல் திறன் 34-ஐ மொழி என்று தள்ளிவிடவும் வேண்டாம். மேற்பார்வையாளர், ஒரு வேலையைத் தொடங்க அனுமதிக்கும் பாதுகாப்புச் சீட்டைப் படிக்க வேண்டும், விபத்து அறிக்கை எழுத வேண்டும். ஷிப்ட் ஒப்படைப்புக் குறிப்பு ஒன்றைத் தாய்மொழியில் எழுத வைத்து, பிறகு அந்நாட்டு மொழியில் எழுத வையுங்கள். முதலாவது தெளிவு, இரண்டாவது குழப்பம் என்றால் தேவை மொழி வகுப்பு. அதுவரை டெக்னீஷியன் வேலையில் நுழையலாம். இரண்டுமே குழப்பம் என்றால் மேற்பார்வைப் பயிற்சியும் வேண்டும். அறிக்கையில் 34-க்குப் பக்கத்தில் எந்த மொழியில், எந்தத் தேதியில் வைத்த டெஸ்ட் என்று கட்டாயம் எழுதுங்கள்.